அடுத்த வளவுக் கிணறு

பிரயாணங்களில் இரண்டு வகை உண்டு. சொந்தப் பணத்தில் செய்வது ஒன்று. அலுவலகத்தின் பணத்தில் செய்வது மற்றொன்று. முதல் வகைப் பிரயாணி புறப்படுமுன் இடியப்பப் பொதி கட்டிக்கொள்கிறார். விடுதியில் தங்க நேர்ந்தால் அறை வாடகையைக் கேட்டு ஒரு முறை பெருமூச்சு விடுகிறார். பின்னர் வேண்டாத மின்குமிழ்களையெல்லாம் அணைத்துவிட்டே படுக்கைக்குப் போகிறார். இரண்டாம் வகைப் பிரயாணியும் இதே மனிதர்தாம். ஆயினும் அவர் பின்னால் ஹோட்டல் அறையின் கதவு சாத்தப்பட்டதும் வேறொருவராகிவிடுகிறார். வீட்டிலே ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழன்றால் பிள்ளைகளைக் கடிந்துகொள்பவர், இங்கே குளிரூட்டியைப் பதினெட்டுப் பாகையில் வைத்துவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொள்கிறார். வீட்டில் இரண்டு வாளியில் குளித்தெழுபவர், இங்கே தூவுகுழாயின் கீழ் நின்று பழைய சினிமாப் பாட்டு இரண்டைப் பாடி முடிக்கிறார். பணம் எங்கிருந்தோ வருகிறது. தண்ணீரும் எங்கிருந்தோ வருகிறது. அந்த ‘எங்கிருந்தோ’ என்பதைப் பற்றியே நேயர்களுடன் இன்று சிறிது பேச விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு நாமும் இரண்டாம் வகையில் சேர்ந்தோம். யாழ்ப்பாணத்தில் ஓர் இந்துக் கல்லூரியில் புவியியல் கற்பித்து வரும் எமக்கு, கற்பிட்டிக் குடாநாட்டிலே கடலோர ஹோட்டல் ஒன்றில் மூன்று நாட் செயலமர்வு நடைபெறும் என்றும், தங்குமிடமும் உணவும் வழங்கப்படும் என்றும் கடிதம் வந்தது. அநுராதபுரம் வழியாகப் புத்தளத்தை அடைந்து, பாலாவிச் சந்தியில் மேற்கே திரும்பினோம். உப்பளங்கள் வெயிலில் கண்ணைப் பறித்தன. ஒருபுறம் களப்பு; மறுபுறம் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் கடல். காற்றாலைகள் வரிசையாக நின்று சுழல, நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி அவற்றுக்கு மேலாகத் தலைநீட்டியது. 2011ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கி, 2014இல் மூன்று பிரிவுகளுடன் 900 மெகாவாற்று வலுவை எட்டிய அந்நிலையந்தான் இந்நாட்டின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையம். பதினெட்டுப் பாகைக் குளிரூட்டிக்கும் அந்தப் புகைக்கும் உள்ள உறவு வேறெந்தக் கடற்கரையிலும் இத்துணை வெளிப்படையாகக் கண்ணுக்குத் தெரியாது.

கற்பிட்டி என்றதும் பலருக்கு உல்லாசப் பிரயாணிகளே நினைவுக்கு வருவர். பட்டம் கட்டி அலைமேற் சறுக்கும் வெள்ளைக்காரர், ஓங்கில் பார்க்க விடியற்காலையில் படகேறுவோர், பவளப்பாறைகளைக் காண மூழ்குவோர் ஆகியோர் வருவது உண்மையே. ஆனால் அவர்கள் காற்றையும் கடலையும் நம்பி வருபவர்கள். பருவம் தப்பினால் வரமாட்டார்கள். ஆண்டு முழுவதும் அறைகளை வெறுமையாக விடாது காப்பவர்கள் வேறு சிலர். மின்நிலையத்துக்கு வரும் பொறியியலாளர், காற்றாலையைப் பழுதுபார்க்க வருவோர், வங்கிப் பரிசோதகர், மருந்துக் கம்பனிப் பிரதிநிதி, திட்ட அறிக்கை எழுதும் தொண்டு நிறுவனத்தார், எம்மைப் போல் செயலமர்வுக்கு வரும் ஆசிரியர்கள் ஆகிய கடமைப் பிரயாணிகளே அவர்கள். இவர்கள் கடலைச் சன்னல் வழியே ஒரு முறை பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டு அறிக்கை எழுதுகிறார்கள்.

இக்கரைக்கு வந்த பழைய பிரயாணிகளுள் புகழ் மிக்கவர் இபின் பதூதா. 1344ஆம் ஆண்டில் அவர் புத்தளத்தில் இறங்கியபோது ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, முத்துகள் கொடுத்து, பாவாத மலைக்குச் செல்லப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தனுப்பினான். உணவுப் பொருள்களைச் சுமக்க மட்டும் பதினைந்து பேர் சென்றனராம். தண்ணீர் சுமக்க ஒருவரும் தேவைப்படவில்லை, வழியெங்கும் அது தாராளமாகக் கிடைத்தது என்று அவர் குறித்திருக்கிறார். அரசன் செலவிற் செய்த பிரயாணமாகையால் அதையும் இரண்டாம் வகையிலேயே சேர்க்கவேண்டும். ஆனால் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரும் விருந்தாளி தண்ணீரைப் பற்றி ஒரு வரி எழுதினார் என்பது எமக்குப் பிடித்திருக்கிறது.

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் கடமைப் பிரயாணிகளுக்கென்றே வாடிவீடுகள் இருந்தன. அரசாங்க உத்தியோகஸ்தருக்கே முதலிடம். மற்றோர் அறை மிஞ்சினால் தங்கலாம். அகன்ற விறாந்தை, நீண்ட சாய்மனைக் கதிரை, காலையிலேயே சொல்லிவைத்தால் மதியம் கிடைக்கும் சோறும் கறியும், குளியலறையில் ஒரு பீப்பா நிறையத் தண்ணீர் என்று அக்காலத்து ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பீப்பா முடிந்தால் காவற்காரனைக் கூப்பிட வேண்டும், அவனோ அகப்படமாட்டான். ஆகவே எல்லோரும் அளவாகக் குளித்தார்கள். இதைச் சிக்கனம் என்று மெச்சுவது பொருந்தாது. வசதியின்மை என்பதே சரி. பழமையை வேண்டுமென்றே புகழும் வழக்கம் எமக்கில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம்: தங்கியவருக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு மனிதன் வாளியுடன் நடந்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

எமது அறையின் குளியலறையில் வாளியுமில்லை, ஆளுமில்லை. பளிங்குக் கல்லின்மேல் பச்சை இலைப் படத்துடன் ஓர் அட்டை இருந்தது. பூமியைக் காக்க எம்முடன் கைகோருங்கள். துவாயைக் கொழுவியில் மாட்டினால் மீண்டும் பாவிப்பீர்கள் என்று கொள்வோம், தரையிற் போட்டால் மாற்றித் தருவோம் என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது. நாம் கொழுவியில் மாட்டினோம். மாலையில் வந்து பார்த்தபோது புதிய துவாய் அன்னப்பட்சி வடிவில் மடிக்கப்பட்டுக் கட்டிலின்மேல் வீற்றிருந்தது. அறை துப்புரவாக்கும் இளைஞனை அழைத்து, “என்ன தம்பி, மாட்டித்தானே விட்டோம்?” என்றோம். “தெரியும் சேர். மாற்றாமல் விட்டால் அறையைச் செய்யவில்லை என்று எனக்கு ஏச்சு விழும்” என்றான். அட்டை எழுதியவர் ஒருவர், அறையை மேற்பார்வை செய்பவர் வேறொருவர் என்பதை அறிந்துகொண்டோம்.

இந்தத் துவாய் அட்டைக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1980களில் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் பீஜித் தீவின் ஹோட்டல் ஒன்றில் இத்தகைய அட்டையைக் கண்டார். கடலையும் பவளப்பாறையையும் காக்கத் துவாயை மீண்டும் பாவியுங்கள் என்று அது வேண்டிக்கொண்டது. அதே ஹோட்டலோ கடற்கரையில் புதிய கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்தது. 1986ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையிலிருந்தே ‘பச்சைப் பூச்சு’ என்னும் கருத்துடைய ஆங்கிலச் சொல் உலகெங்கும் பரவியது. ஆயினும் அட்டையை முற்றாக எள்ளிவிடவும் முடியாது. 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, சூழலைக் காக்குமாறு கேட்கும் வழக்கமான அட்டையைக் கண்டவர்களில் 35 வீதத்தினர் துவாயை மீண்டும் பாவித்தனர் என்றும், ‘இங்கு தங்குவோரில் பெரும்பாலோர் அவ்வாறே செய்கின்றனர்’ என்று எழுதியதும் அது 44 வீதமாயிற்று என்றும் காட்டியது. ‘இதே அறையில் தங்கியோர்’ என்று எழுதியபோது இன்னும் கூடியதாம். மனிதன் பூமிக்காகச் செய்யாததை முன்பின் தெரியாத முன்னைய வாடகைக்காரருக்காகச் செய்கிறான்! அடுத்த அறைக்காரனைப் பார்த்து நடக்கும் நம் மனம், அடுத்த வளவுக்காரரைப் பார்க்குமா என்ற கேள்வி எமக்கு அப்போது எழவில்லை. அன்று மாலையே எழுந்தது.

செயலமர்வு முடிந்ததும் மற்றவர்கள் சூரிய அஸ்தமனம் பார்க்கக் கடற்கரைக்குச் சென்றனர். நாம் கிணறு பார்க்கப் போனோம். புவியியல் ஆசிரியருக்கு இது தொழில் நோய். எந்த ஊருக்குப் போனாலும் கிணற்றை எட்டிப் பார்க்காமல் இருக்கமுடிவதில்லை. ஹோட்டல் மதிலுக்கு அப்பால், கிடுகு வேலியடைத்த சிறிய வளவொன்றில், சீமெந்து வளையம் இறக்கிய ஆழமில்லாத கிணற்றில் ஒரு பெண்மணி தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்.

“குடிக்கிற தண்ணீரா அக்கா?” என்றோம்.

“குளிக்கலாம் சேர், குடிக்க ஏலாது. குடிக்கிறதுக்குக் காசு குடுத்து வாங்குறம்” என்றார். உள்ளங்கையில் ஏந்திச் சுவைத்தோம். உப்பு மெல்ல நாவில் பட்டது. கற்பாறையிலே துணிக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்த மகள், நுரை வருவதில்லை என்று முறையிட்டாள்.

இங்கே சிறிது பாடம் நடத்த நேயர்கள் அனுமதிக்கவேண்டும். கற்பிட்டிக் குடாநாடு ஒரு மணற்றிட்டு. ஆறு கிடையாது, குளம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. ஆண்டின் பிற்பகுதியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் சற்றுக் கனமானது. அந்தச் சிறு வித்தியாசந்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் படொன் கைபென் என்னும் ஒல்லாந்தப் பொறியியலாளரும், 1901இல் ஹேர்ட்ஸ்பேர்க் என்னும் ஜேர்மானியரும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது அது. இதை மறுபுறமாகப் படித்தால் நெஞ்சு திடுக்கிடும். இறைத்து இறைத்து மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும். 1667இல் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தருக்கு இக்கணக்குத் தெரியாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தங்கள் நாட்டு மணல்மேடுகளில் பட்டறிந்து கற்றுக்கொண்டார்கள்.

எப்படி இறைக்கிறோம் என்பதும் முக்கியம். துலாவும் வாளியும் மேற்பரப்பை மட்டும் வழித்தெடுக்கும். ஆழ்குழாயில் பொருத்திய வலிய மின்பம்பி ஓரிடத்தில் இடைவிடாது உறிஞ்சும்போது, அதன் நேர்கீழே உவர்நீர் கூம்பு போல மேலெழும். பம்பியை நிறுத்தினாலும் அது உடனே இறங்கிவிடாது. குடாநாட்டின் தண்ணீருக்கு இன்னொரு பகையும் உண்டு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மரக்கறிக்கும் அள்ளியிடும் உரம் மணலினூடே இறங்கி நைத்திரேற்றாகிறது. மலக்குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரையே நைத்திரேற்றை அனுமதிக்கிறது. இங்குள்ள கிணறுகள் பல அதனைத் தாண்டிவிட்டன என்று ஆய்வாளர் பல ஆண்டுகளாகவே எழுதி வருகின்றனர். காய்ச்சினால் கிருமி சாகும், நைத்திரேற்றுச் சாகாது. அதனாலேதான் இம்மாவட்டத்தில் ‘ஆர்.ஓ. தண்ணீர்’ ஒரு வியாபாரமாயிற்று.

ஆகவே அந்தப் பெண்மணியின் கிணறு உவர்த்ததற்கு ஹோட்டலே காரணம் என்று நாம் எழுதமாட்டோம். வெங்காயத் தோட்டமும் காரணமாயிருக்கலாம், மழை பொய்த்ததும் காரணமாயிருக்கலாம், குடிசனம் பெருகியதும் காரணமாயிருக்கலாம். அவரோ, “ஹோட்டலில் ஆக்கள் நிறைஞ்ச கிழமைகளில் கூடக் கைக்குது. அவை போனாப் பிறகு கொஞ்சம் தெளியும்” என்றார். இதற்குப் பெயர் விஞ்ஞானமன்று. ஆனால் நாள்தோறும் ஒரே கிணற்றைச் சுவைத்துப் பார்ப்பவரின் சாட்சியத்தை, மூன்று நாள் தங்க வந்த நாம் எப்படித் தள்ளிவிடுவது?

“சேர் எந்த ஊர்?” என்று கேட்டார்.

“யாழ்ப்பாணம்.”

வாளிக் கயிற்றை ஒரு கணம் பிடித்தபடி நின்றார். “நாங்க மன்னார். தொண்ணூறாம் ஆண்டு வந்த ஆக்கள். வள்ளத்திலதான் வந்தது. எனக்கு அப்ப பதினொரு வயசு” என்றார்.

1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாக இக்குடாநாட்டின் கரையில் வந்திறங்கினர். கையில் எடுத்துச் செல்லக் கூடியதை மட்டுமே எடுத்து வந்தனர். எமக்கும் அப்போது ஏறத்தாழ அதே வயது. எமது வகுப்பில் இரண்டு ஆசனங்கள் அவ்வாரத்தில் வெறுமையாயின; ஏனென்று ஆசிரியர் சொல்லவுமில்லை, நாம் கேட்கவுமில்லை. மன்னாரிலும் அவர்கள் வீட்டுக் கிணறு மணற்கிணறுதான் என்றும், அதன் தண்ணீரில் தேநீர் போட்டால் வாசம் தனி என்றும் அவர் சொன்னார். வந்த நாளில் இவ்வூரவர்கள் தங்கள் கிணறுகளைத் திறந்து விட்டார்களாம். சனம் பெருகியதும் அக்கிணறுகளும் வற்றின. பிறகு ஆளுக்கொரு கிணறு தோண்டினார்களாம். இப்படிப் பேசிக்கொண்டே உள்ளே போனவர் இஞ்சி போட்ட தேநீர் கொண்டுவந்து தந்தார். காசு கொடுத்து வாங்கிய தண்ணீரில் போட்ட தேநீர் அது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை எமக்கிருந்ததாகத் தோன்றவில்லை, குடித்தோம்.

அறைக்குத் திரும்பியதும் ஒரு சிறு பரீட்சை செய்தோம். துப்புரவு செய்யும் இளைஞனிடம் பதினைந்து லீற்றர் வாளியை இரவல் வாங்கித் தூவுகுழாயின் கீழ் வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். ஒன்றரை நிமிடத்தில் வாளி நிரம்பியது. நிமிடத்துக்குப் பத்து லீற்றர். பத்து நிமிடக் குளிப்புக்கு நூறு லீற்றர். நாம் நாற்பத்திரண்டு பேர். புத்தளத்து வெயிலில் காலையும் மாலையும் குளித்தோம். ஒரு நாளைக்கு 8,400 லீற்றர் குளிப்புக்கு மட்டும் போயிற்று. துவாய், படுக்கை விரிப்பு, சமையலறை, கழிப்பறை, புற்றரை, நீச்சற்குளம் எதுவும் இக்கணக்கில் இல்லை. வேலிக்கு அப்பால் ஐந்து பேருள்ள குடும்பம் ஒரு நாளைக்கு இருபது வாளி, அதாவது முந்நூறு லீற்றர் அள்ளுகிறது. எமது ஒருநாட் குளிப்பு அக்குடும்பத்துக்கு நான்கு வாரங்களுக்குப் போதும். செயலமர்வின் இரண்டாம் நாள் விடயம் ‘நீர்வள முகாமைத்துவம்’ என்பதையும் இவ்விடத்தில் குறித்து வைக்கிறோம்.

மறுநாள் முகாமையாளரைச் சந்தித்தோம். சிலாபத்தைச் சேர்ந்த அவர் நல்ல தமிழ் பேசினார், மறைத்துப் பேசவுமில்லை. செய்திருப்பவற்றைப் பட்டியலிட்டார். சூரிய வெப்பத்தில் சுடுநீர், கண்ணாடிப் போத்தலில் குடிநீர், சமையலறைக் கழிவில் பசளை, கண்டற் கன்று நடுவதற்கு நன்கொடை. பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலும் கரண்டியும் 2023 அக்டோபர் தடைக்கு முன்னரே நிறுத்தப்பட்டுவிட்டனவாம். ஷாம்பு நிரப்பிய சிறு பைக்கற்றுகள் 2021இல் போயினவாம். எல்லாம் நல்லவையே. கண்டல் விடயத்தில் இம்மாவட்டத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. 1990களில் இறால் பண்ணைகளுக்காகக் களப்போரத்துக் கண்டற்காடுகள் வெட்டப்பட்டு, பின்னர் வெண்புள்ளி நோயினால் பண்ணைகளும் பாழடைந்தன. அதே கரையில், சிலாபத்தை அடுத்த பம்பலவில், 2016இல் கண்டல்களுக்கென்றே ஓர் அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. ஆனால் கண்டற் கன்றையும் கண்ணாடிப் போத்தலையும் விருந்தாளி காணலாம், புகைப்படமும் எடுக்கலாம். மணலுக்குக் கீழே இருக்கும் வில்லையை எவர் புகைப்படம் எடுப்பது?

“கிணற்றிலிருந்து எவ்வளவு இறைக்கிறீர்கள் என்று அளக்கிறீர்களா?” என்று கேட்டோம்.

“மின்சாரத்துக்கு மாதாமாதம் பில் வருகிறது சேர், அதனால் அளக்கிறோம். கிணற்றுக்குப் பில் இல்லை” என்றார். பிறகு அவரே ஒன்று சொன்னார். ஐரோப்பாவிலிருந்து ஆட்களை அனுப்பும் சுற்றுலாக் கம்பனிகள் ஹோட்டல்களுக்கு நீண்ட கேள்விக்கொத்து அனுப்புகின்றன. டிராவலைஃப், கிரீன் கீ போன்ற சான்றிதழ் உண்டா, தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்கின்றன. “இங்கேயுள்ள திணைக்களங்களும் வங்கிகளும் கம்பனிகளும் கேட்பது இரண்டு கேள்விதான். ஆளுக்கு எவ்வளவு? ‘புஃபே’யில் எத்தனை கறி?”

அவர் சொன்னது எமக்கு உறைத்தது. ஓர் அறையை ஓர் இரவுக்கு எடுக்கும் உல்லாசப் பிரயாணிக்கு ஹோட்டலைத் திருத்தும் வலு இல்லை. நாற்பது அறைகளை மூன்று நாட்களுக்கு எடுக்கும் நிறுவனத்துக்கு உண்டு. கேட்பவர் கேட்டால் ஹோட்டல்காரர் தண்ணீர்மானி பூட்டுவார். ஒரே ஆழ்குழாய்க்குப் பதிலாக ஆழமில்லாத கிணறுகள் சிலவற்றில் மாறி மாறி இறைப்பார். கூரை மழையைத் தொட்டியிற் பிடிப்பார். குளித்த நீரை வடித்துத் தென்னைக்கு விடுவார். இவற்றுள் எதற்கும் வெளிநாட்டு நிபுணர் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டளவிலேயே மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் அது பல இடங்களில் பெயரளவில் நின்றமையின் விளைவுகளுள் ஒன்றை 2019 ஜூனில் சென்னை கண்டது. ஏரிகள் வற்றின, பழைய மாமல்லபுரம் வீதியிலுள்ள கணினிக் கம்பனிகள் சில ஊழியரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின, உணவகங்கள் நேரத்தைக் குறைத்தன. தொழில் நிமித்தம் வருவோரை நம்பி எழுந்த ஒரு பகுதிக்கே தண்ணீர் வரவில்லை.

அயலவர் கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. தம்புள்ளைக்கு அருகே கண்டலம குளக்கரையில் ஜெப்ரி பாவா வரைந்த ஹோட்டல் 1994இல் திறக்கப்படுமுன், குளத்து நீர் மாசடையும் என்று கிராமத்தவரும் பிக்குமாரும் கடுமையாக எதிர்த்தனர். அதே ஹோட்டல் பின்னர் அமெரிக்காவின் ‘லீட்’ என்னும் பசுமைக் கட்டடச் சான்றிதழைப் பெற்று உலகப் புகழடைந்தது. கட்டடக் கலைஞரின் மேதைமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் குளத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறோம். கற்பிட்டியின் தீவுகளையும் சேர்த்துப் பெரும் சுற்றுலாத் திட்டம் வகுக்கப்பட்டபோது இப்பகுதி மீனவர்களும் குரல் எழுப்பினார்கள். அவர்கள் கேட்டது கரைவலை இழுக்கவும் வள்ளம் ஏற்றவும் கடற்கரையை. நிலத்தடி நீருக்கோ கரையுமில்லை, வேலியுமில்லை. எனவே அதற்காகக் கூட்டமும் கூடுவதில்லை.

பிரயாணமே செய்யாமலிருந்தால் என்ன என்று கேட்கும் நண்பர்களும் உளர். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாச் செயலமர்வையும் கணினித் திரையிலேயே நடத்தினோம். 2022இல் பெற்றோல் இல்லாதபோதும் அவ்வாறே. அதிலே பாதிப் பேர் பெயரை மட்டும் திரையில் விட்டுவிட்டுச் சமையல் செய்துகொண்டிருந்தனர். மேலும், திரையில் நடந்திருந்தால் நாம் அந்தத் தேநீரைக் குடித்திருக்கமாட்டோம்.

கடைசி நாளில் மதிப்பீட்டுப் படிவம் தந்தார்கள். மண்டபம், உணவு, தங்குமிடம், விரிவுரையாளர் என நான்கு தலைப்புகள். ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி. எல்லாவற்றுக்கும் நாம் நான்கு போட்டோம். மீன் குழம்புக்கு ஐந்தும் போட்டிருக்கலாம். ‘வேறு குறிப்புகள்’ என்று விடப்பட்டிருந்த இரண்டு வரி இடம் போதாமையால் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினோம். வாளிக் கணக்கை எழுதினோம். அடுத்த முறை இடம் தெரிவு செய்யும்போது அறை வாடகையுடன் தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படுகிறது, அளக்கப்படுகிறதா, கழிவுநீர் எங்கே விடப்படுகிறது என்ற மூன்று கேள்விகளையும் ஹோட்டல்களிடம் எழுத்தில் கேட்கலாம் என்றும், அயற் கிணறுகளின் உவர்ப்பை மாதம் ஒரு முறை பார்த்துப் பதியச் செய்யலாம் என்றும் எழுதினோம். துவாயை அவரவரே கொண்டுவரலாம் என்றும் ஒரு வரி சேர்த்தோம். ஒருங்கிணைப்பாளர் வாங்கிப் பார்த்து, “பின்பக்கம் கணினியில் ஏற்ற மாட்டார்கள், மாஸ்டர்” என்று சிரித்தார். ஆனால் தாளை மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இவ்வாண்டு செயலமர்வு சிலாபத்தில். சென்ற மாதம் கடிதம் வந்தது. மூன்று கேள்விகளுக்கு என்ன நடந்ததென்று அதில் ஒரு சொல்லுமில்லை. கேட்டு மடல் எழுதியிருக்கிறோம். ஆனால் நான்காம் பந்தியில் ‘பங்குபற்றுவோர் தத்தம் துவாயையும் தண்ணீர்ப் போத்தலையும் உடன் கொண்டுவருதல் வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. ஆசிரியர் ஓய்வறையில் அதை உரக்க வாசித்த கணித ஆசிரியர், “எந்த மகாராசன்ரை யோசனையோ இது!” என்று கோபித்துக்கொண்டார். நாம் தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம்.